இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்ல துல்லியமான பார்ட் எடுக்குறது எப்படி: கோல்ஃப் ஹெட்டுல இருந்து டர்போ வீல் வரைக்கும்

கார் டர்போசார்ஜருக்குள்ள சுத்துற டர்பைன் வீலும் கோல்ஃப் ஆடுறவங்க கையில இருக்குற அயர்ன் கிளப்போட தலையும் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்ங்கிற ஒரே முறையில தான் பொறக்குதுன்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க. மெழுகுல உருவம் எடுத்து, அது மேல செராமிக் பூசி, மெழுகை உருக்கி வெளிய ஓட விட்டு, மிச்சம் இருக்குற ஓட்டுக்குள்ள உலோகத்தை ஊத்துறது, அவ்வளவு தான். சுவாமிமலைல ஸ்தபதிங்க தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடிச்சு, காவிரி வண்டல் மண்ணை மேல அப்பி, உலோகம் ஊத்துறாங்களே, அடிப்படை அதே தான். ஆனா அங்க ஒரு மெழுகுக்கு ஒரு சிலை, அடுத்த சிலை வேற. இங்க ஒரே டையில (மெழுகை வார்க்குற உலோக அச்சு) இருந்து ஆயிரக்கணக்குல மெழுகு வரும், ஆயிரமும் ஒரே அளவுல வந்தாகணும், கஷ்டமே அதுல தான் இருக்கு.

ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆச்சுன்னா ஃபவுண்டரில எல்லாரும் முதல்ல ஃபர்னஸ் பக்கம் தான் திரும்பிப் பாப்பாங்க, மெல்ட்டர் தலை உருளும். என்னோட அனுபவத்துல அளவு சம்பந்தப்பட்ட ரிஜெக்ஷன்ல பெரும்பாலானது உலோகம் உருகுறதுக்கு ரொம்ப முன்னாடியே, டிராயிங்லயும் டையிலயும் மெழுகு ரூம்லயும் முடிவாகிடுது. அதனால இந்த கைட்ல அந்தப் பகுதிக்கு தான் அதிக இடம் கொடுக்கப் போறேன், ஊத்துறது பத்தி கொஞ்சம் தான் வரும்.

உதாரணத்துக்கு ஒரு 7-ம் நம்பர் அயர்ன் தலைய எடுத்துக்குவோம். மெட்டீரியல் 17-4 பிஹெச் ஸ்டெயின்லெஸ், எடை 270 கிராம் மாதிரி. செட்ல ஒரு நம்பர் ஏற ஏற தலை எடை ஏறத்தாழ 7 கிராம் கூடும், அதாவது 6-ம் நம்பர் 263, 5-ம் நம்பர் 256. அந்த படிக்கட்டு தப்புச்சுன்னா ஆடுறவனுக்கு ஒவ்வொரு கிளப்பும் கையில ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனால எடைல ±2 கிராம்னு வச்சுக்குவோம். இப்ப கணக்கு பாருங்க. ஃபேஸோட, அதாவது பந்து படுற முகத்தோட, பரப்பு சுமார் 25 சதுர செமீ. அது 0.1 மிமீ தடிமன் கூடுச்சுன்னா 0.25 கன செமீ உலோகம் கூடுது, இந்த ஸ்டீல் ஒரு கன செமீக்கு 7.8 கிராம், ஆக கிட்டத்தட்ட 2 கிராம். ஒரு பக்கத்துல ஒரு பத்தாம் மில்லிமீட்டர், மொத்த எடை டாலரன்ஸும் காலி. பாலிஷ் பண்றவர் பெல்ட்டை கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலே இது போயிரும்.

டிராயிங்ல கேக்க வேண்டியது

இந்த ப்ராசஸ் எவ்வளவு கொடுக்கும்னு தெரிஞ்சுக்காம டிராயிங் முழுக்க ±0.05 போட்டுட்டு வர்றவங்க ரொம்ப பேர். காஸ்டிங்கா அப்படியே வர்ற அளவுக்கு சாதாரணமா 25 மிமீக்கு ±0.25, 75 மிமீக்கு ±0.4, 100 மிமீக்கு ±0.5 கிட்ட எதிர்பார்க்கலாம். சர்ஃபேஸ் கரடு (ஆர்ஏ) 3.2 மைக்ரான் சுத்தி வரும். இதைவிட இறுக்கமா வேணும்னா அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மெஷினிங் அலவன்ஸ் கொடுங்க, மத்ததை விட்டுருங்க. நம்ம அயர்ன்ல ஷாஃப்ட் போற ஓட்டை 9.4 மிமீ, அதை சின்னதா காஸ்ட் பண்ணி பின்னாடி ரீமர் போட்டு எடுக்கணும். ஃபேஸ்ல ஒரு 0.4 மிமீ விட்டு மில் பண்ணணும். பின்பக்க கேவிட்டி, மேல் விளிம்பு, லோகோ எல்லாம் காஸ்ட்டா அப்படியே இருக்கட்டும்.

இந்த கேவிட்டி ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா காஸ்டிங் ஏன் ஜெயிச்சுதுன்னும் புரியும். ஜெனரல் எலக்ட்ரிக்ல இன்ஜினியரா இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் கம்பெனி ஆரம்பிச்சவர், எடையை தலையோட நடுவுல இருந்து ஓரங்களுக்கு தள்ளினார். அப்படி பண்ணா பந்து நடுவுல படாம கொஞ்சம் விலகிப் பட்டாலும் தலை அவ்வளவா திரும்பாது. அந்த மாதிரி பின்பக்கம் குழி விழுந்த வடிவத்தை ஃபோர்ஜிங்ல அடிச்சு எடுக்குறதை விட மெழுகுல எடுக்குறது எவ்வளவோ சுலபம், அதனால அயர்ன் உலகம் காஸ்டிங் பக்கம் பெருசா திரும்புச்சு. இன்னைக்கு தைவான்ல காவோசியுங் சுத்துவட்டாரத்துல இதுக்குன்னே பெரிய பெரிய ஃபவுண்டரிங்க இருக்கு.

டேட்டம், அதாவது எல்லா அளவுக்கும் ஆரம்பமா எடுத்துக்குற இடம், அந்த விஷயத்துல கறாரா இருங்க. பார்ட்டை ஃபிக்ஸ்ச்சர்ல உக்கார வைக்க 3-2-1 கணக்குல, ஒரு முகத்துல மூணு, அடுத்ததுல ரெண்டு, இன்னொண்ணுல ஒண்ணுன்னு, ஆறு புள்ளி வேணும். அந்த ஆறும் காஸ்ட் சர்ஃபேஸ்லயே இருக்கணும், முடிஞ்ச வரைக்கும் டையோட ஒரே பாதில இருந்து வர்ற சர்ஃபேஸா இருக்கணும். ரெண்டு பாதி சேர்ற கோட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் நாலுன்னு வச்சீங்கன்னா டை மூடுறதுல வர்ற வித்தியாசம் அப்படியே உங்க அளவுல ஏறும். கேட், அதாவது உலோகம் பார்ட்டுக்குள்ள நுழையுற வழி, அதை வெட்டுன இடத்துல டேட்டம் வைக்கவே வைக்காதீங்க, அது கிரைண்டர் பிடிக்கிறவர் கை, தினம் மாறும். கஸ்டமர் டிராயிங்ல டேட்டம் மெஷின் பண்ண முகத்துல இருந்தா, காஸ்டிங் டிராயிங் தனியா போட்டு இந்த ஆறு புள்ளியையும் எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க, பின்னாடி சண்டை வராது.

சுவர் தடிமன் ஸ்டீல்ல 1.5-ல இருந்து 2 மிமீக்கு கீழ போனா நிரம்புமான்னு யோசிக்கணும். தடிமன் மாறுற இடம் எல்லாம் மெதுவா மாறணும், உள் மூலைக்கு ரேடியஸ் கொடுங்க.

உலோகம் எங்க கடைசியா உறையும்?

இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரியாம டை வெட்ட ஆர்டர் கொடுக்காதீங்க. உலோகம் உறையும்போது சுருங்கும், சுருங்குற இடத்துக்கு வேற எங்கிருந்தாவது திரவ உலோகம் வந்து நிரப்பணும், வரலைன்னா உள்ள ஓட்டை. ஒரு பகுதி உறைய ஆகுற நேரம் அதோட கன அளவை மேற்பரப்பால வகுத்து வர்ற எண்ணோட ஸ்கொயருக்கு ஏத்த மாதிரி போகும், இது க்வோரினோவ் விதி. 10 மிமீ கட்டியை விட 20 மிமீ கட்டி உறைய ரெட்டிப்பு நேரம் இல்ல, நாலு மடங்கு.

சிமுலேஷன் சாஃப்ட்வேர் இருந்தா ஓட்டிப் பாருங்க, நல்லது. இல்லைன்னாலும் ஒரு பென்சிலும் காம்பஸும் போதும். பார்ட்டோட வெட்டு முகத்தை ரெண்டு மடங்கு பெருசா வரைஞ்சு, சுவருக்குள்ள அடங்குற வட்டங்களை வரிசையா போட்டுக்கிட்டே வாங்க. கேட் இருக்குற பக்கம் போகப் போக வட்டம் பெருசாகிக்கிட்டே போகணும். நடுவுல எங்கயாவது பெரிய வட்டம் வந்து, அதுக்கப்புறம் சின்னதாகி, மறுபடி பெருசானா அந்த முதல் பெரிய வட்டம் இருக்குற இடம் தனியா மாட்டிக்கும், அங்க ஷ்ரிங்கேஜ் நிச்சயம். அயர்ன்ல இது எங்க வரும்னா ஹோசல், அதாவது ஷாஃப்ட் நுழையுற குழாய், தலையோட சேர்ற அந்த முட்டி மாதிரி இடம். கேட்டை தடிமனா இருக்குற சோல் பக்கம் (தலையோட அடிப்பக்கம்) வச்சுட்டு ஹோசல் முட்டிய கவனிக்காம விட்டா எக்ஸ்ரேல பஞ்சு மாதிரி தெரியும். ஒண்ணு அங்க இன்னொரு கேட் கொடுக்கணும், இல்ல ஓட்டையை காஸ்டிங்லயே போட்டு அந்த தடிமனை குறைக்கணும். கேட்டோட மாடுலஸ் (கன அளவை மேற்பரப்பால வகுத்த அதே எண்) அது ஊட்டுற இடத்தை விட ஒரு 10-20% அதிகமா இருக்கட்டும்.

கேட் எங்க வைக்கலாம்னு முடிவு பண்ணும்போதே அதை வெட்ட வீல் உள்ள போகுமா, கிரைண்ட் பண்ண பெல்ட் எட்டுமான்னும் பாத்துருங்க. டிசைன் ஆபீஸ்ல யாரும் இதை யோசிக்கறதில்ல, ஃபெட்லிங்ல, அதாவது கேட் வெட்டி தேய்ச்சு சுத்தம் பண்ற இடத்துல, இருக்குறவங்க தான் மாசக்கணக்குல கஷ்டப்படுறாங்க.

சுருக்கம், டை

மெழுகு டைக்குள்ள ஆறும்போது சுருங்கும், செராமிக் ஓடு சூட்டுல கொஞ்சம் விரியும், ஸ்டீல் ஆறும்போது சுருங்கும். எல்லாம் சேர்த்து 17-4க்கு 2%க்கு கொஞ்சம் மேல கொடுத்து டை வெட்டுவாங்க. ஆனா ஒரே ஒரு எண்ணை கம்ப்யூட்டர் டிராயிங்ல (சிஏடி) மொத்த மாடலுக்கும் ஸ்கேல் அடிச்சு விட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. நீளமா சும்மா நீட்டிக்கிட்டு இருக்குற பக்கம் தாராளமா சுருங்கும். ரெண்டு பக்கமும் ஓடு உள்ள புகுந்து பிடிச்சுக்கிட்டு இருக்குற பக்கம், அதாவது கேவிட்டிக்கு குறுக்க, அவ்வளவு சுருங்க விடாது. ஒரு பக்கம் 2.3%, இன்னொரு பக்கம் 1.8%னு வச்சுக்கோங்க, 75 மிமீ அளவுல அது 0.37 மிமீ வித்தியாசம், அந்த அளவுக்கு இருக்குற ±0.4ல ஒரு பக்கம் அப்படியே போயிருச்சு. உங்க ஃபவுண்டரில இதுக்கு முன்னாடி ஓடுன, இதே மாதிரி வடிவம் இருக்குற பார்ட்டோட டை அளவையும் காஸ்டிங் அளவையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வகுத்துப் பாருங்க, எந்த புக்கும் அதை விட சரியான எண் தராது.

எண் சந்தேகமா இருக்குற இடத்துல டைல ஸ்டாக் விட்டு வெட்டுங்க. டையோட குழி வெளி அளவை உருவாக்குது, அதை இன்னும் தோண்டினா பார்ட் பெருசாகும், திரும்ப சின்னதாக்க வெல்டு வைக்கணும். அதனால வெளி அளவுகளை டாலரன்ஸோட கீழ் பக்கம் குறி வைங்க. ஓட்டையை உருவாக்குற பின்னுக்கு இது தலைகீழ், பின்னை தேய்ச்சா ஓட்டை சின்னதாகும், அதனால ஓட்டையை மேல் பக்கம் குறி வைங்க. முதல் சாம்பிள் அளந்துட்டு ரெண்டையுமே தேய்ச்சோ தோண்டியோ சரி பண்ணிக்கலாம், வெல்டர் பக்கமே போக வேண்டாம்.

டை வெட்டுறதுக்கு முன்னாடி வடிவம் சரியான்னு பாக்க ரெண்டு மூணு பீஸ் மட்டும் வேணும்னா 3டி பிரிண்ட் பண்ண பேட்டர்ன்ல ஊத்தலாம். அங்க ஒரு விஷயம் நிறைய பேர் கோட்டை விடுறாங்க: பிரிண்ட்ல மெழுகு சுருக்கம் கிடையாது, அதனால உலோகத்தோட சுருக்கம் மட்டும் கொடுக்கணும், டைக்கு கொடுத்த அதே எண்ணை போட்டா பார்ட் பெருசா வரும். அதே மாதிரி பிரிண்ட் ரெசின் ஆட்டோகிளேவ்ல (நீராவி அழுத்தத்துல மெழுகை உருக்குற பாத்திரம்) உருகி ஓடாது, எரிச்சு தான் எடுக்கணும், எரியும்போது விரிஞ்சு செராமிக் ஓட்டை பிளக்கும், அதனால உள்ள தேன்கூடு மாதிரி வெத்தா இருக்குற பேட்டர்ன் தான் கேக்கணும்.

மெழுகு ரூம்

இங்க தான் நான் ரொம்ப நேரம் நிக்கிற இடம். ரூம் வெப்பநிலை 20-ல இருந்து 24 டிகிரிக்குள்ள ஒரு எண்ணை பிடிச்சு அதுலயே இருக்கணும், 21னா எப்பவும் 21. மெழுகு வெப்பத்துக்கு விரியுற அளவு ஸ்டீலை விட பல மடங்கு, ராத்திரி ஏசி நிறுத்திட்டு காலைல போடுற பழக்கம் இருக்குற இடத்துல காலை மெழுகும் மத்தியான மெழுகும் வேற வேற அளவு.

இன்ஜெக்ஷன்ல மெழுகு வெப்பநிலை, பிரஷர், பிடிச்சு வைக்கிற நேரம், டை வெப்பநிலை, இந்த நாலையும் கார்டுல எழுதி ஒட்டுங்க, ஆப்பரேட்டர் மாறினா செட்டிங் மாறக் கூடாது. மெழுகு 60 டிகிரி சுத்தி, கூழ் மாதிரி இருக்குற நிலையில அடிக்கிறது நல்லது, ரொம்ப சூடா தண்ணியா அடிச்சா நிரம்புறது அழகா நிரம்பும், ஆனா ஆறும்போது தடிமனான இடம் குழிஞ்சிரும். நம்ம அயர்ன்ல சோல் பக்கம் தட்டையா இருக்க வேண்டிய இடம் லேசா குழி விழுந்தா கண்ணுக்கு தெரியாது, விரல் நகத்தை ஓட்டினா தெரியும். தடிமனான பார்ட்டுக்கு முன்கூட்டியே அடிச்ச சின்ன மெழுகுக் கட்டிய டைக்குள்ள வச்சு மேல அடிக்கலாம், அதை சில் வாக்ஸ்னு சொல்லுவாங்க, குழியுறது நின்னுரும்.

டைல இருந்து எடுத்த மெழுகை எங்க வைக்கிறாங்கன்னு பாருங்க. இளஞ்சூடா இருக்குற மெழுகை டேபிள் ஓரத்துல ஹோசல் தொங்குற மாதிரி வச்சுட்டுப் போனா அஞ்சு நிமிஷத்துல அது அரை டிகிரி சாஞ்சிருக்கும், அப்புறம் காஸ்டிங்ல லை ஆங்கிள் (ஷாஃப்ட் தரையோட சேர்ற கோணம்) ஏன் தப்புதுன்னு ஃபர்னஸ்கிட்ட தேடிக்கிட்டு இருப்பீங்க. ஒவ்வொண்ணுக்கும் வடிவத்துக்கு ஏத்த தொட்டில் மாதிரி ஒரு ஃபிக்ஸ்ச்சர் செஞ்சு, அதுல ஆற வைங்க.

அடுத்தது எடை. இது ரொம்ப மலிவான, ரொம்ப பலன் தர்ற செக், ஆனா பாதி இடத்துல இல்ல. மெழுகோட அடர்த்தி ஒண்ணுக்கு கொஞ்சம் கீழ, ஸ்டீல் 7.8, ஆக மெழுகு எடையை சுமாரா 8ஆல பெருக்கினா காஸ்டிங் எடை. நம்ம தலைக்கு மெழுகு 34 கிராம் கிட்ட இருக்கும். அதுல கால் கிராம் வித்தியாசம்னா உலோகத்துல 2 கிராம். 0.01 கிராம் காட்டுற ஒரு சின்ன தராசை இன்ஜெக்ஷன் மெஷின் பக்கத்துலயே வச்சு, அளவும் எக்ஸ்ரேவும் சரியா இருந்த ஒரு நல்ல பீஸோட எடையை எழுதி ஒட்டி, ஒவ்வொண்ணா போடச் சொல்லுங்க. எடை குறைஞ்சா உள்ள காத்துக் குமிழ் இல்ல நிரம்பல, கூடினா டை சரியா மூடல. மூணு செகண்ட் வேலை. மெழுகை திரும்ப உருக்கிப் போட்டுக்கலாம், ஸ்டீலா ஆனதுக்கப்புறம் தெரிஞ்சா ஓடு, கரண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து போச்சு.

அப்புறம் மெழுகுங்களை எல்லாம் ரன்னர்ல, அதாவது நடுவுல இருக்குற மெழுகுத் தண்டுல, ஒட்டி மரம் கட்டணும். ஒட்டுற இடத்துல இடுக்கு இருந்தா அதுக்குள்ள செராமிக் நுழைஞ்சு, மெல்லிசா நீட்டிக்கிட்டு நிக்கும், ஊத்தும்போது உடைஞ்சு உலோகத்துக்குள்ள போயிரும். எக்ஸ்ரேல வர்ற இன்க்ளூஷனுக்கு (உலோகத்துக்குள்ள மாட்டுன வேத்துத் துணுக்கு) எல்லாரும் ஸ்லாக்கை (உருகுன உலோகத்து மேல மிதக்குற கசடு) குத்தம் சொல்லுவாங்க, ஒட்டுன இடத்தை ஒருநாள் லென்ஸ் வச்சுப் பாருங்க.

ஓடு கட்டுறது

முதல்ல மரத்தை வாஷ் பண்ணி டைல போட்ட ரிலீஸ் ஸ்ப்ரேயோட பிசுக்கை எடுக்கணும், இல்லைன்னா ஸ்லரி (செராமிக் குழம்பு) ஒட்டாம விலகும். முதல் கோட் கொலாய்டல் சிலிகாவுல ஸிர்கான் மாவு கலந்த ஸ்லரி, மேல மெல்லிய ஸிர்கான் மணல். உலோகத்தை தொடப் போறது இந்த ஒரு கோட் மட்டும் தான், பார்ட்டோட சர்ஃபேஸ் இங்க தான் உருவாகுது. மரத்தை முக்கி எடுத்து மெதுவா சுத்தி சுத்தி வடிய விடணும், எழுத்து, லோகோ, உள் மூலைல குமிழ் நின்னுச்சுன்னா காத்தை மெதுவா ஊதி உடைக்கணும், விட்டுட்டா அந்த இடத்துல உலோகத்துல ஒரு சின்ன உருண்டை முளைச்சிருக்கும். ஸ்லரியோட கெட்டித்தன்மையை ஸான் கப்ல (அடியில சின்ன ஓட்டை இருக்குற கப்) விட்டு எத்தனை செகண்ட்ல வடியுதுன்னு ஷிஃப்ட்டுக்கு ரெண்டு தடவையாவது அளங்க.

அதுக்கு மேல கரடுமுரடான அலுமினோசிலிகேட் இல்ல ஃப்யூஸ்டு சிலிகா வச்சு அஞ்சுல இருந்து எட்டு கோட், மொத்தம் 6-ல இருந்து 9 கோட் வரைக்கும் போகும். ஒவ்வொண்ணும் காயணும். கூழ் வத்தல் காயப் போட்டா மேல மொறுமொறுன்னு ஆகி நடுவுல ஈரம் நிக்குமே, ஆழமான கேவிட்டியும் குறுகுன ஓட்டையும் அப்படித் தான், வெளிய தொட்டுப் பாத்துட்டு அடுத்த கோட்டுக்கு போயிராதீங்க. ஹோசல் ஓட்டைக்குள்ள காத்து போற மாதிரி ஃபேனை திருப்பி வைங்க. ஐப்பசி கார்த்திகை மழைல ஈரப்பதம் ஏறும்போது டீஹ்யூமிடிஃபயர் இல்லாத ரூம்ல அதே நேர கணக்கு செல்லாது. இன்னொண்ணு, தண்ணி ஆவியாகும்போது மெழுகு குளிரும், காஞ்சதும் திரும்ப ரூம் சூட்டுக்கு வரும், அப்ப விரியும். முதல் கோட்டை அவசரப்பட்டு பலமான காத்துல காய வச்சா இந்த விரிவுலயே மெல்லிய முடி மாதிரி பிளந்துரும், காஸ்டிங்ல அது மெல்லிசா கோடு கோடா எழும்பி நிக்கும்.

டீவாக்ஸ், அதாவது மெழுகை உருக்கி எடுக்குறது, அதைப் பத்தி ஒரு விஷயம் மட்டும். மெழுகு செராமிக் ஓட்டை விட ரொம்ப அதிகமா விரியும், மெதுவா சூடு பண்ணா உள்ள முழுசும் விரிஞ்சு ஓட்டை பிளந்துரும். அதனால ஆட்டோகிளேவ்ல நீராவி சில செகண்ட்ல 7-8 பார் வரணும், 170 டிகிரி சூடு டக்குன்னு அடிக்கும்போது ஓட்டை ஒட்டியிருக்குற மெழுகோட மேல் தோல் முதல்ல உருகி வழி விடும், அந்த இடைவெளில தான் மிச்ச மெழுகு விரியுது. உங்க ஆட்டோகிளேவ்ல கேஜ் ஊர்ந்து ஊர்ந்து ஏறுதுன்னா பாய்லரை பாருங்க, ஓட்டு ரெசிப்பிய மாத்திப் பிரயோஜனம் இல்ல.

ஊத்துறது, அதுக்கப்புறம்

செராமிக் ஓட்டை 1000 டிகிரி சுத்தி சுட்டு, மெழுகு மிச்சம் எரிச்சு, சூடா இருக்கும்போதே 1600 டிகிரி கிட்ட இருக்குற 17-4ஐ ஊத்தணும். ஓவன்ல இருந்து ஓடு வெளிய வந்து ஊத்துற வரைக்கும் எத்தனை செகண்ட்ங்கிறதை ஸ்டாப்வாட்ச்ல பிடிங்க, ஒரு நாள் வேகமா ஒரு நாள் மெதுவா இருந்தா மெல்லிய ஃபேஸ் ஒரு நாள் நிரம்பும் ஒரு நாள் நிரம்பாது. மத்தபடி கெமிஸ்ட்ரி ஸ்பெக்ட்ரோமீட்டர்ல சரியா இருந்து டெம்பரேச்சர் சரியா இருந்தா இங்க பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

ஓடு உடைச்சு, கேட் வெட்டி, பிளாஸ்ட் பண்ணி, ஹீட் ட்ரீட்மென்ட். 17-4க்கு 1040 டிகிரில சொல்யூஷன் (கலந்த உலோகங்களை உள்ள கரைய விடுற சூடு), ஆற வச்சு, அப்புறம் ஏஜிங் (குறைஞ்ச சூட்டுல வச்சு கடினத்தை முடிவு பண்றது). 482 டிகிரில ஒரு மணி நேரம் வச்சா ஹெச்900ங்கிற நிலை, கடினம் 40 ஹெச்ஆர்சி தாண்டும். 621 டிகிரில நாலு மணி நேரம்னா ஹெச்1150, நல்லா மென்மையாகும். கோல்ஃப்ல இது ஏன் முக்கியம்னா தலை முடிஞ்சதுக்கப்புறம் லாஃப்ட்டும் (ஃபேஸ் பின்னால சாயுற கோணம்) லையும் சரி பண்ண வளைக்கணும், ஹெச்900ல போட்டு வளைச்சா ஹோசல் கழுத்துல விரிசல் விடும். வளையணும்னு முன்னாடியே தெரிஞ்சா ஏஜிங்கை அதுக்கு ஏத்த மாதிரி தேர்ந்தெடுங்க. ஃபேஸ் கோணலா இருந்தா பிரஸ்ல வச்சு நேராக்குறதை சொல்யூஷனுக்கு அப்புறம், ஏஜிங்க்கு முன்னாடி பண்ணிருங்க, அப்ப தான் சுலபமா கேக்கும்.

கடைசியா ஃபேஸ்ல க்ரூவ், அதாவது குறுக்க ஓடுற கோட்டுப் பள்ளம். கோல்ஃப் விதிகளை வகுக்குற யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் போட்ட விதிப்படி க்ரூவ் அகலம் 0.9 மிமீ, ஆழம் 0.508 மிமீ தாண்டக் கூடாது, 2010ல வந்த மாத்தத்துக்கப்புறம் லாஃப்ட் 25 டிகிரியும் அதுக்கு மேலயும் இருக்குற கிளப்புக்கு விளிம்பு ரேடியஸ் 0.254 மிமீக்கு குறையக் கூடாது. இந்த மாதிரி எண்ணை காஸ்டிங்லயே பிடிச்சு பாலிஷுக்கு அப்புறமும் காப்பாத்துறது பெரிய போராட்டம், மில் பண்ணிருங்க.

டர்போ வீலுக்கு போனா என்ன மாறும்

படிகள் அதே தான், எல்லாமே இன்னும் இறுக்கம். காரணத்தை ஒரு கணக்குல பாத்துரலாம். சின்ன டர்போ வீல் நிமிஷத்துக்கு 1,50,000 சுத்து சுத்துதுன்னு வச்சுக்கோங்க, விளிம்பு மையத்துல இருந்து 25 மிமீ. அந்த விளிம்புல இருக்குற ஒவ்வொரு கிராமும் 600 கிலோவுக்கு மேல வெளிய இழுக்கும். ஒரு பக்கம் ஒரே ஒரு மில்லிகிராம் அதிகம்னா கூட 0.6 கிலோ விசை, செகண்ட்டுக்கு 2,500 தடவை திசை மாறி மாறி பேரிங்கை உதைக்கும். அதனால மெழுகுல பிளேடு ஒண்ணு லேசா சாஞ்சா போதும், பேலன்ஸ் போயிரும். பேலன்ஸ் பண்றப்ப மூக்குல இருந்தும் பின்பக்கத்துல இருந்தும் தேய்ச்சு எடுப்பாங்க, ஆனா தேய்க்க இருக்குற உலோகம் கொஞ்சம் தான், காஸ்டிங்கே மையத்துல இருந்து விலகி வந்திருந்தா பேலன்சிங் மெஷின் காப்பாத்தாது.

மெட்டீரியல் இன்கோனல் 713சி மாதிரி நிக்கல் அலாய். அதுல அலுமினியமும் டைட்டானியமும் இருக்குறதால காத்துல ஊத்தினா ஆக்ஸைடு ஆகிரும், வேக்யூம்ல தான் உருக்கி ஊத்தணும். முதல் கோட் ஸ்லரில கோபால்ட் அலுமினேட் கலப்பாங்க, ஓட்டோட உள்பக்கம் நல்ல நீலமா இருக்கும், அது உலோகம் உறைய ஆரம்பிக்கிற இடங்களை அதிகமாக்கி மேல்பரப்புல கிரெயினை (உலோகத்துக்குள்ள இருக்குற படிகத் துணுக்கு) பொடிசாக்குது, பிளேடு சீக்கிரம் களைப்புல விரிசல் விடாது. விமான இன்ஜின் பிளேடுல இது அப்படியே தலைகீழ்: 1000 டிகிரி தாண்டுன சூட்டுல நாள்கணக்கா இழுபட்டுக்கிட்டே இருக்குறப்ப கிரெயின் எல்லைங்க தான் பலவீனம், அதனால ஓட்டை ஃபர்னஸ்ல இருந்து மெதுவா கீழ இறக்கி, அடியில சுருள் மாதிரி ஒரு வழி வச்சு, ஒரே ஒரு கிரெயினை மட்டும் மேல போக விட்டு மொத்த பிளேடையும் ஒத்தைக் கிறிஸ்டலா வளர்ப்பாங்க. பிராட் அண்ட் விட்னி இதை 1980கள்ல பயணிகள் விமான இன்ஜினுக்கு கொண்டு வந்துருச்சு.

டைட்டானியம்னா இன்னொரு தலைவலி. 1995ல கேலவே கொண்டு வந்த கிரேட் பிக் பெர்த்தா டிரைவருக்கு டைட்டானியம் தலைங்களை காஸ்ட் பண்ணிக் கொடுத்தது துப்பாக்கி செய்ற ஸ்டர்ம் ரூகர் கம்பெனி, அவங்களுக்கு துப்பாக்கி பாகங்கள்ல இந்த முறை நல்லா கைவந்திருந்துச்சு. உருகுன டைட்டானியம் சாதாரண செராமிக்கோட ஆக்ஸிஜனை பிடுங்கிக்கும், மேல ஆல்ஃபா கேஸ்னு ஒரு நொறுங்குற தோல் வரும். முதல் கோட்டை இட்ரியா மாதிரி அசையாத ஆக்ஸைடுல போடுவாங்க, அப்படியும் வர்ற தோலை ஆசிட்ல கரைச்சு எடுக்கணும், அந்த கரையுற தடிமனையும் சேர்த்து தான் மெழுகு டை வெட்டணும். 1 மிமீக்கும் கீழ இருக்குற சுவர்ல அதை மறந்தா ஓட்டை விழுந்துரும்.

முதல் சாம்பிளை அளக்குறது

முதல் லாட்ல மரத்துல மேல, நடு, கீழன்னு மூணு இடத்துல இருந்தும் பீஸ் எடுத்து நம்பர் குத்துங்க, மெழுகா இருக்கும்போதே குத்துங்க. அதே பீஸை மெழுகுல ஒரு தடவை, கேட் வெட்டுன உடனே ஒரு தடவை, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் ஒரு தடவை சிஎம்எம்லயோ (புள்ளி புள்ளியா தொட்டு அளக்குற மெஷின்) ஸ்கேன்லயோ அளங்க. காஸ்டிங்கை மட்டும் அளந்தா தப்பு இருக்குன்னு தெரியும், எங்க வந்துச்சுன்னு தெரியாது. மூணையும் பக்கத்துல வச்சா மெழுகுலயே கோணலா, உறையும்போது இழுத்துச்சா, ஹீட் ட்ரீட்மென்ட் கூடைல ஒண்ணு மேல ஒண்ணு குவிச்சதுல வளைஞ்சுதான்னு தனித்தனியா பிரிஞ்சு நிக்கும். எக்ஸ்ரே பாக்க ஏஎஸ்டிஎம் இ192 ஒப்பீட்டுப் படங்கள் இருக்கு, எந்த கிரேடு வரைக்கும் ஏத்துக்கலாம்னு கஸ்டமர்கிட்ட முன்கூட்டியே எழுத்துல வாங்குங்க. ஹோசல் முட்டி, கேட் அடி, ரெண்டையும் ஒரு பீஸ்ல நேரா அறுத்துப் பாலிஷ் பண்ணியும் பாத்துருங்க.

டை திருத்தம் ஒரு பீஸை வச்சு பண்ணாதீங்க. ஒரே அளவு எல்லா பீஸ்லயும் ஒரே பக்கம் தள்ளி இருந்தா டையை திருத்துங்க. பீஸுக்கு பீஸ் அங்கயும் இங்கயும் ஆடுதுன்னா டைல கை வைக்காதீங்க, மெழுகு ரூமுக்கு திரும்பப் போங்க, கார்டுல எழுதுன நாலு எண்ணும் மெஷின்ல ஓடுற எண்ணும் ஒண்ணான்னு பாருங்க.